மாடல் ரயில் மின் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

இன்ஜின் நின்றால் எல்லோருடைய கையும் முதலில் இன்ஜினுக்குத்தான் போகும். சக்கரத்தைத் துடைப்பார்கள், இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் டிகோடரை மாற்றுவார்கள், கடைசியில் கட்டளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனைத் திட்டுவார்கள். குனிந்து மேசைக்கு அடியில் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டரை எங்கே மாட்டினோம், வயரை எந்த வழியாகக் கொண்டுபோனோம், ஷார்ட் ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரின் விளக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிகிறதா என்பதில்தான் முக்கால்வாசிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

கணக்குக்கு ஒரு லேஅவுட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வீடுகளின் பேஸ்மெண்டில் சுவரோரமாகச் சுற்றிவரும் வகை. எச்ஓ அளவு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை 10 மீட்டர்; 5 ஆம்பியர் பூஸ்டர்; டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை. இந்த டிசிசி முறை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் தரப்படுத்தியது. தண்டவாளத்தில் போவது ஒரே ஒரு சதுர அலை. இன்ஜினை ஓட்டும் மின்சாரமும் அதுதான், அதற்கான கட்டளையும் அதுதான். ஆகவே வயரிங் சொதப்பினால் இழுவையும் குறையும், சொல்பேச்சும் கேட்காது.

கையில் மூன்று பொருள் இருந்தால் போதும்: ஒரு மல்டிமீட்டர், ஒரு நாணயம், காரின் பின்பக்கத்தில் போடும் 1156 பல்பு ஒன்று. பல்பில் இரண்டு வயரைச் சால்டர் செய்து, முனைகளில் முதலைக் கிளிப் மாட்டிவிடுங்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சோதனைக்கு அதைவிட மலிவான சுமை கிடையாது.

எதிலுமே உயிர் இல்லை

சுவர் சாக்கெட்டிலிருந்து வரிசையாக வாருங்கள்: சாக்கெட், பவர் சப்ளை, பூஸ்டருக்குள் நுழையும் முனை, பூஸ்டரை விட்டு வெளியேறும் முனை. பூஸ்டரின் வெளிமுனையிலிருந்து பஸ் வயர் (லேஅவுட் நெடுக ஓடும் முதன்மை வயர்) இரண்டையும் கழற்றுங்கள். கழற்றியதும் பூஸ்டர் விழித்துக்கொண்டால், ஷார்ட் வெளியே இருக்கிறது. கழற்றியும் விழிக்கவில்லை என்றால் கோளாறு பெட்டியிலோ சப்ளையிலோதான். இரண்டு நிமிட வேலை.

கோடிக்குப் போனதும் இன்ஜின் மந்தமாகிறது, விளக்கு மங்குகிறது

மீட்டரை வைத்துப் பார்த்தால் பூஸ்டர் பக்கத்திலும் 14 வோல்ட், கோடியிலும் 14 வோல்ட். "வோல்டேஜ் சரியாத்தானே இருக்கு" என்று மூடி வைத்துவிடுவார்கள். சுமை இல்லாமல் அளந்தால் சரியாகத்தான் காட்டும். கரன்ட் பாய்ந்தால்தானே வோல்டேஜ் விழும்! கோடியில் அந்தக் கார் பல்பை மாட்டி எரியவிட்டு அளந்து பாருங்கள். மீட்டரை ஏசி-யில் வையுங்கள். சாதாரண மீட்டர் இந்தச் சதுர அலையைத் துல்லியமாகக் காட்டாது. பரவாயில்லை; நமக்கு வேண்டியது இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கணக்கு எளிது. 10 மீட்டர் தூரம் என்றால் போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் அது சுமார் 0.15 ஓம், 5 ஆம்பியர் பாய்ந்தால் முக்கால் வோல்ட் இழப்பு. 1.5 ஸ்கொயரில் 1.2 வோல்ட். ஸ்பீக்கருக்கு வாங்கி மிச்சமான 0.5 ஸ்கொயர் வயரைப் போட்டால் இழப்பு கிட்டத்தட்ட 4 வோல்ட். 14-இல் 4 போனால் எந்த இன்ஜின் மேடு ஏறும்? அமெரிக்கர்கள் 14 கேஜ், 12 கேஜ் என்று சொல்வது முறையே 2.1 ஸ்கொயர், 3.3 ஸ்கொயர். நம் ஊர்க் கடையில் 2.5 கேட்டு வாங்கினால் இந்த அளவு லேஅவுட்டுக்குக் கவலையில்லை.

தடித்த வயர் வாங்குவதற்கு முன் பைசா செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பூஸ்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கதவருகே, சாக்கெட் இருக்கும் மூலையில் இருக்கும், ஏனென்றால் அடாப்டரின் வயர் அவ்வளவுதான் எட்டியது. அதை லேஅவுட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, பஸ்ஸை இரண்டு பக்கமும் பிரித்து ஓட்டுங்கள். தூரம் 10-லிருந்து 5 ஆகிறது, இழப்பும் பாதியாகிறது. சாக்கெட் தூரமாக இருந்தால், மெயின்ஸை நீட்டிக்கொள்ளலாம். 120 வோல்ட்டோ 230 வோல்ட்டோ, அந்தப் பக்கத்தில் பாயும் கரன்ட் குறைவு. ஆனால் முறையான கேபிளும் மூடிய பெட்டியும் வேண்டும். தரையில் ஒன்றில் ஒன்று செருகிய மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அந்தக் கணக்கில் வராது.

பஸ் சரியாக இருந்தும் ஓர் இடத்தில் மட்டும் வோல்டேஜ் விழுகிறது என்றால் ஃபீடரை, அதாவது பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் சிறு வயரைப் பாருங்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகர ஜாயினரை மின் இணைப்பு என்று நம்பாதீர்கள். புதிதில் கடத்தும், பெயின்ட், பலாஸ்ட் (தண்டவாளச் சல்லி) ஒட்டும் பசை, ஈரம் என்று ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியதும் கைவிடும். 90 செ.மீ. ஃப்ளெக்ஸ் தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீடர் போடுவது சோம்பல் வரவழைக்கும் வேலைதான், ஆனால் ஒரே தடவை. ஃபீடர் மெலிதாக, 22 கேஜ் இருந்தாலே போதும், நீளம் ஒரு ஜாணைத் தாண்டாதவரை.

ஷார்ட் ஆகிறது, ஆனால் பூஸ்டர் அணையவில்லை

இந்தப் பட்டியலில் ஆபத்தானது இதுதான். யாரும் புகாராகச் சொல்வதும் இல்லை, ஏனென்றால் எதுவும் நிற்பதில்லை. தடம் பிரியும் பாயிண்டில் ஒரு போகி தடம்புரண்டு கிடக்கிறது, இன்ஜின் நின்றுவிட்டது, கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் இளகும் வாடை வருகிறது. அப்போதுதான் தெரியும்.

5 ஆம்பியர் தாண்டினால்தான் பூஸ்டர் டிரிப் ஆகும். 14 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாய வேண்டுமானால், வழியில் உள்ள மொத்த ரெசிஸ்டன்ஸ் 2.8 ஓமுக்குள் இருக்க வேண்டும். மெலிந்த வயரும் துருவேறிய ஜாயினர்களும் சேர்ந்து 3 ஓம் ஆகிவிட்டால், நேரடி ஷார்ட்டிலும் பாய்வது 4.7 ஆம்பியர்தான். பூஸ்டருக்கு அது ஷார்ட்டாகத் தெரியாது. ஏழெட்டு இன்ஜின் சேர்ந்து ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு 65 வாட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். வழியில் எங்கே தொடர்பு மோசமாக இருக்கிறதோ அங்கே அந்த வெப்பம் இறங்கும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளியும் அப்படி ஓர் இடம்.

இதற்குத்தான் நாணயம். அமெரிக்க மாடல் ரயில்காரர்கள் 25 சென்ட் காசை வைத்துச் செய்வதால் அதற்குக் குவார்ட்டர் டெஸ்ட் என்றே பெயர். காசை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். எடுத்ததும் உயிர் வர வேண்டும். அடுத்த அடிக்கு நகருங்கள். பாயிண்டின் ஒவ்வொரு கால், சைடிங்கின் கடைசி முனை, மலைக்குள் போகும் சுரங்கத்தின் உள்பக்கம் என ஓர் இடம் விடாமல் வையுங்கள். எங்காவது காசு வைத்தும் டிரிப் ஆகாமல் பூஸ்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் காசை உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். அங்கே ஃபீடர் இல்லை, அல்லது இருக்கும் ஃபீடரின் சால்டர் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காட்சியமைப்பு வேலை தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மலை எழுந்த பிறகு அடியில் புகுந்து சால்டர் செய்வது தண்டனை.

ஒருவர் செய்த தவறுக்கு எல்லோருடைய ரயிலும் நிற்கிறது

ஒரே பூஸ்டர், ஒரே பஸ் என்றால் அப்படித்தான் ஆகும். லேஅவுட்டை மூன்று நான்கு பவர் டிஸ்ட்ரிக்டாக, அதாவது தனித்தனி மின் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூஸ்டருக்குப் பிறகு ஓர் எலெக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர் போடுங்கள். யார்டு ஒன்று, மெயின் லைன் இரண்டு, இன்ஜின் ஷெட் ஒன்று என்பது பலரும் செய்யும் பிரிவினை. பூஸ்டர் 5 ஆம்பியர் என்றால் பிரேக்கரை 3 ஆம்பியர் அளவில் வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது.

பிரேக்கர் போர்டை எங்கே மாட்டுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதன் எல்இடி, ரயில் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். போர்டு அடியில் இருக்கட்டும். எல்இடியை மட்டும் இரண்டு மெல்லிய வயரில் நீட்டி, அந்தந்தப் பகுதிக்கு நேரான முகப்புப் பலகையில் துளையிட்டுப் பொருத்துங்கள். சிவப்பு எரிந்தால், அந்த இடத்தில் நிற்பவர் தன் ரயிலைத்தான் முதலில் பார்ப்பார். நாலு பேர் நாலு பக்கம் "யாரு, யாரு" என்று கத்த வேண்டியதில்லை.

ரிவர்ஸ் லூப்பில் நுழைந்ததும் டிரிப் ஆகிறது, ஆட்டோ ரிவர்சர் இருந்தும்

ரிவர்ஸ் லூப் என்பது ரயிலை வளைத்து வந்த தடத்திலேயே திருப்பி அனுப்பும் வளையம். அங்கே இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு சேர்வதால் ஷார்ட் ஆகும்; ஆட்டோ ரிவர்சர் இரண்டின் மின் இணைப்பையும் (ஃபேஸை) இடம் மாற்றிச் சரிசெய்யும். ரிவர்சரும் பிரேக்கரும் ஒரே ஷார்ட்டைப் பார்க்கின்றன. ரிவர்சர் முந்தினால் ஃபேஸ் மாறி ரயில் சீராகப் போகும். பிரேக்கர் முந்தினால் எல்லாம் நின்றுவிடும். ரிவர்சரின் டிரிப் அளவைக் குறைத்து வையுங்கள், அல்லது பிரேக்கரின் தாமதத்தைக் கூட்டுங்கள். அதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: லூப்பின் இரண்டு முனைகளிலும் தண்டவாளத்தை வெட்டிவிட்ட இடைவெளிகளை ஒரே நேரத்தில் ரயில் தாண்டுகிறதா? உலோகச் சக்கரங்கள் உள்ள ரயில் லூப்பைவிட நீளமாக இருந்தால் எந்த ரிவர்சரும் காப்பாற்றாது.

இரண்டு டிஸ்ட்ரிக்ட் சந்திக்கும் சாதாரண இடத்தில் டிரிப் ஆகிறது என்றால், ஃபேஸ் மாறியிருக்கிறது. இடைவெளியின் இந்தப் பக்கம் இடது தண்டவாளம், அந்தப் பக்கமும் இடது தண்டவாளம், இரண்டிலும் மீட்டரின் முனைகளை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. தண்டவாள வோல்டேஜ் முழுசாகக் காட்டினால் ஒரு பக்கத்து வயர்களை இடம் மாற்றுங்கள்.

ஷார்ட்டை நீக்கியும் பிரேக்கர் திரும்ப வரவில்லை

சவுண்ட் இன்ஜின்கள் ஒரே டிஸ்ட்ரிக்டில் கூட்டமாக நின்றால் இது நடக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் கெப்பாசிட்டர் இருக்கிறது. மின்சாரம் திரும்பும் கணத்தில் எல்லாம் சேர்ந்து தாகத்தோடு இழுக்கும்போது, பிரேக்கர் அதையும் ஷார்ட் என்று நினைத்து மறுபடி அணைகிறது. பாதி இன்ஜின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். உயிர் வந்தால் காரணம் இதுதான். ஷெட்டில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஓர் ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்து, ஓடாத இன்ஜின்களை அணைத்து வைப்பது நிரந்தரத் தீர்வு.

பூஸ்டர் கொதிக்கிறது, அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைகிறது

ஆறவிட்டால் சரியாகும், பிறகு மறுபடி அணையும் என்றால் அது ஷார்ட் இல்லை, சூடு. பெட்டி எங்கே இருக்கிறது? மூடிய டிராயரில், கம்பளத்தின் மேல், அல்லது பிளைவுட்டின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு இருக்கும். சூடான காற்று மேலே போகப் பார்க்கும், மேலே பலகை தடுக்கும்.

பூஸ்டரைச் செங்குத்தாக மாட்டுங்கள். அலுமினியப் பிளேட்டின் இதழ்கள் மேலும் கீழுமாக நிற்கட்டும். இடையில் காற்று தானாக ஏறும். மேலும் கீழும் நாலு விரற்கடை இடம், பின்னால் சின்ன ஸ்பேசர். அப்படியும் போதாவிட்டால் பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் விசிறி ஒன்று. பூஸ்டருக்குள் போகும் வோல்டேஜையும் பாருங்கள். சில பூஸ்டர்களில், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க வெப்பமாகத்தான் கழிகிறது. 20 வோல்ட் கொடுத்து 14 எடுத்தால், 5 ஆம்பியரில் 30 வாட் சும்மா காய்கிறது. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் குறைந்த சப்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

பூஸ்டர், பிரேக்கர் எல்லாவற்றையும் மாட்டும் பலகை அமைப்பு என்று வரும்போது நான் சொல்வது இது: 60 செ.மீ. அகலப் பிளைவுட் ஒன்றைக் கீல் போட்டு லேஅவுட் சட்டத்தில் தொங்கவிடுங்கள். வேலை பார்க்கும்போது முன்பக்கம் கீழே சாயும், முடிந்ததும் மேலே மடங்கித் தாழ்ப்பாள் விழும். ஸ்டூலில் உட்கார்ந்தபடி எல்லா ஸ்க்ரூவும் கைக்கு எட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு டார்ச்சைப் பல்லில் கடிக்க வேண்டாம். கீல் பக்கம் வயருக்கு ஒரு சுற்றுத் தளர்ச்சி விடுங்கள். மெயின்ஸ் வருவது இடது ஓரத்தில், தனி மூடியுள்ள பெட்டிக்குள். நடுவில் பூஸ்டர், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வலது பக்கம் பிரேக்கர்கள், அதற்குக் கீழே டெர்மினல் ஸ்ட்ரிப் (வயர்களை ஸ்க்ரூவில் இணைக்கும் பட்டை). பலகைக்கு நேர் மேலே உள்ள பகுதியில் பலாஸ்ட் ஒட்டும்போது மட்டும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை துளைகள் வழியாகச் சரியாக எலெக்ட்ரானிக்ஸ் மேலேயே சொட்டும், என்ன ராசியோ.

ஷார்ட் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை

டெர்மினல் ஸ்ட்ரிப் இருந்தால் இது பத்து நிமிட வேலை, இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸைப் பாதியில் பிரியுங்கள். பூஸ்டர் பக்கத்துப் பாதியில் ஷார்ட் இருந்தால் அதையே மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து முறையில் ஒரு கெஜத்துக்குள் வந்துவிடுவீர்கள். இடுக்கி, பென்சில் வெட்டும் பிளேடு, இன்ஜின் எண்ணெய் டப்பாவின் மூடி என்று தண்டவாளத்தில் கிடப்பதை முதலில் பொறுக்குங்கள். இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

தேடும்போது பூஸ்டர் டிரிப் ஆகி டிரிப் ஆகிப் படுத்தினால், பூஸ்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அந்த 1156 பல்பை வரிசையில் மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும், கரன்ட் 2 ஆம்பியரைச் சுற்றியே நிற்கும். ஒவ்வொரு ஃபீடராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அதுதான் ஆள்.

வயருக்கு நிறம் வேண்டும். சுவர்ப்பக்கத் தண்டவாளம் சிவப்பு, நம் பக்கம் கறுப்பு என்று ஏதாவது ஒன்று. ஆனால் லேஅவுட் முழுக்க அதே. இரு முனையிலும் டேக். "இது எனக்கு ஞாபகம் இருக்கும்" என்பது பொய்.

த்ராட்டில் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. இன்ஜின் திடீரென்று தலைதெறிக்க ஓடுகிறது

இரண்டும் வேறு வேறு நோய், ஆனால் சேர்ந்தே வரும். த்ராட்டிலின் (கையில் பிடித்து ரயிலை ஓட்டும் கருவியின்) கேபிள் பஸ் வயரோடு ஒரே கட்டாக டை போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா? பிரியுங்கள். குறைந்தது ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள்; குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். பிறகு டெலிபோன் பிளக் போன்ற அந்த முனைகளைப் பாருங்கள். மலிவான கிரிம்ப்பரில் போட்டவற்றில் ஆறில் ஒரு ஊசி இறங்காமல் நிற்கும். வயர்லெஸ் என்றால் ரிசீவரை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். அடியில் இருப்பது வயர்க்காடு. மேலே கம்பிவலை போட்டுப் பிளாஸ்டர் பூசிய மலை. சிக்னல் எங்கே போகும்?

தானாகப் பாய்ந்து ஓடும் இன்ஜினுக்கு வருவோம். டிசிசி அலை சிதைந்தால் டிகோடர் அதைப் பழைய டிசி மின்சாரம் என்று நினைத்துக்கொள்ளும், முழு வேகத்தில் ஓடும். டிகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 29-இல் அந்த டிசி அனுமதியை எடுத்துவிடுங்கள்: மதிப்பு 6 என்றால் 2 ஆக்குங்கள், 38 என்றால் 34. நான்கைக் கழித்தால் சரி. இது ஓட்டத்தை நிறுத்தும், காரணத்தை நிறுத்தாது. பஸ் வயர் இரண்டும் ஒரு சாண் தள்ளி இணையாகப் போகின்றனவா? பக்கத்தில் சேர்த்து, அடிக்கு மூன்று முறுக்காக முறுக்கி விடுங்கள். 10 மீட்டருக்கு நெருங்கும் பஸ் என்றால் கோடியில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையில் சேர்த்து இரு வயருக்கும் குறுக்கே போடுங்கள். அலையின் ஓரங்களில் எழும் முட்கள் அடங்கும்.

பாயிண்ட் மோட்டார் அடிக்கவில்லை

இரட்டைக் காயில் வகை என்றால், பக்கத்தில் இருப்பது படீரென்று அடிக்கும், தூரத்தில் இருப்பது முனகும். மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாக விடும் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்றைச் சப்ளைக்குப் பின் மாட்டினால் ஒரே உதையில் போய்ச் சேரும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் காயில் எரியாது. டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவாக நகரும் வகை கோடியில் நின்றபின்னும் 15 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். இருபது மோட்டாருக்கு 0.3 ஆம்பியர். ஒரு சின்ன 12 வோல்ட் அடாப்டர் எல்லாவற்றையும் தாங்கும்.

அந்த அடாப்டரைத் தனியாகவே வையுங்கள். பாயிண்டுக்கும் தண்டவாள பஸ்ஸிலிருந்தே மின்சாரம் எடுப்பது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். தவறாக நிற்கும் பாயிண்டுக்குள் ரயில் எதிராக நுழைந்தால் ஷார்ட். ஷார்ட்டால் பஸ் அணையும். பஸ் அணைந்தால் பாயிண்டை மாற்ற முடியாது. பாயிண்டை மாற்றாமல் ஷார்ட் போகாது. கையால் ரயிலைத் தூக்க வேண்டியதுதான்.

எங்கோ சூட்டு வாடை

மெயின் சுவிட்சை அணையுங்கள். லேஅவுட் முழுக்க ஒரே சுவிட்சில் அணைய வேண்டும், அது அறைக்குள் வரும்போதே கைக்கு எட்ட வேண்டும். அணைத்த கையோடு இணைப்புகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூ, அல்லது வயர் அளவுக்குப் பொருந்தாத கடித்துப் பிடிக்கும் கனெக்டர். பல இழை வயரை அப்படியே ஸ்க்ரூவின் கீழ் நசுக்காமல், ஃபெரூல் (முனையில் மாட்டும் சிறு உலோகக் குழல்) போட்டு இறுக்குங்கள். சால்டர் பூசிய முனையை ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். ஈயம் நாளடைவில் அமுங்கிக்கொடுக்கும், பிடி தளரும்.

பழைய டிரெயின் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர்களை விளக்குக்கும் கைகாட்டிக்கும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டின் ஏசி முனைகளை எங்காவது இணையாகச் சேர்த்திருந்தால், ஒன்றின் பிளக்கைப் பிடுங்கியதும் மற்றொன்று அதைப் பின்வழியாக ஊட்டும். பிடுங்கிய பிளக்கின் பித்தளைக் காலில் வீட்டு வோல்டேஜ் முழுசாக நிற்கும். பிளக்கைக் கையில் பிடிப்பதற்கு முன்பே அந்த இணைப்பைப் பிரித்து, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் தனித்தனி வட்டம் அமையுங்கள்.